இரண்டு திகதிகள்



1,500 கிராமுக்கும் குறைந்த எடையில், நாள் நிறையாமல் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றிய கருத்தரங்கு இது. இயந்திரங்களைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். நான் திகதியைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு தாய் கிளினிக்குக்கு வந்தார். மடியில் எட்டு மாதப் பிள்ளை. 28 வாரத்தில், 1,100 கிராமில் பிறந்தவன். "டொக்டர், பக்கத்து வீட்டுப் பிள்ளை தவழுது. இவன் இப்பதான் குப்புறப் பிரளுறான். மாமி ஒவ்வொரு நாளும் கேக்கிறா." விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். நாற்பதில் இருபத்தெட்டுப் போனால் பன்னிரண்டு வாரம். எட்டு மாதத்தில் கிட்டத்தட்ட மூன்றைக் கழித்தால் இவனுக்கு ஐந்து மாதம்தான். ஐந்து மாதப் பிள்ளை பிரளுவது கணக்குக்குச் சரி. மாமிக்கும் இதைச் சொல்லச் சொன்னேன்.

இரண்டு வயது வரை வளர்ச்சியை இந்தத் திருத்திய வயதில்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த திகதி. இரண்டையும் குழப்பி, "சின்னப் பிள்ளைதானே" என்று ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. கழித்துப் பார்த்த பிறகும் பிள்ளை பின்தங்கினால், கால்கள் விறைத்திருந்தால், சத்தத்துக்குத் திரும்பாவிட்டால், குறைமாதம் என்று சமாதானம் சொல்லிக் காத்திருக்கக் கூடாது.

இந்தக் கணக்கின் முதல் எண் கடைசி மாதவிடாய்த் திகதி. அது கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கொப்பியில் ஏறாவிட்டால், வலி வந்த பெண்ணுக்கு 28 வாரமா 34 வாரமா என்று இரவு இரண்டு மணிக்குத் தடுமாறுவோம். ஸ்டெரொயிட் ஊசி போடுவதா என்று முடிவெடுக்க அந்த வாரக் கணக்கு வேண்டும். மருத்துவர்கள் லிகின்ஸும் ஹோவியும் நியூசிலாந்தில் இருந்து 1972இல் காட்டிய விடயம் எளிது: குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டெரொயிட் ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் முதிர்கிறது. ஒரு நாள் முன்பே போட்டால் பலன் அதிகம். திருகோணமலைக்கு அம்புலன்ஸ் புறப்படுமுன் இங்கேயே முதல் ஊசி போகட்டும். பிள்ளையைப் பிறந்தபின் கொண்டுபோவதைவிட, வயிற்றில் வைத்துக் கொண்டுபோவது நல்லது. பிறந்துவிட்டால் தாயின் மார்பே சூடு. கொலம்பியாவின் பொகொட்டாவில் 1978இல் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய அந்த வழியை இன்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1940களிலும் 50களிலும் அளவில்லாமல் கொடுத்த ஒட்சிசனால் ஆயிரக்கணக்கான குறைமாதப் பிள்ளைகள் பார்வை இழந்தார்கள். 1950இல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவர்களில் ஒருவர். இன்று ஒட்சிசனை அளந்து கொடுக்கிறோம். ஆனாலும் விழித்திரை நோய் வரும். லேசர் செய்து காப்பாற்றக்கூடிய காலம் சில வாரங்களே. இளமையில் நான் ஒரு அட்டையில் "நான்கு வாரத்தில் கண் பார்க்கவும்" என்று எழுதி அனுப்பினேன். எந்த நாளில் இருந்து நான்கு வாரம்? எழுதவில்லை. தாய் வீட்டுக்குப் போன நாளில் இருந்து எண்ணினார். பயிர் வெட்டும் நேரம் வேறு. அவர் வந்தபோது விழித்திரை கழன்றிருந்தது. அந்த அட்டையில் இருந்தது என் கையெழுத்து.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீடு போகும் அட்டையில் பிரசவம் எதிர்பார்த்த திகதியையும், கண் பார்க்கும் திகதியையும் சிவப்பு மையில் எழுதுங்கள். கிழமையையும் போடுங்கள், தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். முதல் அமர்வு குடும்பநல உத்தியோகத்தர்களுடையது. எந்த வீட்டில் எந்தத் திகதி தவறியது என்று அவர்கள் சொல்லட்டும். வைத்தியர்கள் கேள்வியைப் பிறகு கேட்கலாம்.