மெழுகிய படகும் மாசற்ற நீரும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையிலே இலக்கியம் பேசாது, படகு கழுவுதலைப் பற்றிப் பேசப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி எல்லையிலும் குடியேறி வாழும் நமக்கு இரு பெரும் நீர்த்தேக்கங்கள் அண்டை அயலாக அமைந்துள்ளன. 1895ஆம் ஆண்டில் நிறைவெய்திய முல்லைப் பெரியாற்று அணையால் உண்டானது தேக்கடி ஏரி. அதன் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கித் தேனி, மதுரை முதலிய மாவட்டங்களைச் செழிக்கச் செய்கிறது. பரம்பிக்குளத்து நீரோ கோவை, திருப்பூர் வயல்களுக்குப் பாய்கிறது. நாம் விட்டு வந்த ஊர்களுக்கு நம்மைக் கடந்தே நீர் செல்கிறது. அதனைக் காப்பது நம் கடமை அன்றோ?

இக்காலத்துச் சிறு படகு ஓரிடத்திலே கிடப்பதில்லை. டிரெய்லர் வண்டியில் ஏறி ஊர்விட்டு ஊர் செல்கிறது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தின்போது கேரளக் கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொணர்ந்து, எண்ணற்ற உயிர்களைக் காத்ததை நாம் மறக்க இயலாது. அவ்வாறு பயணம் செய்யும் படகு, ஒரு நீர்நிலையின் களையை மற்றொரு நீர்நிலைக்குச் சுமந்து செல்லவும் கூடும்.

'ஆப்பிரிக்கன் பாயல்' என்று மலையாளத்தார் அழைக்கும் மிதக்கும் களையை அறிவீர்கள். பெயர் அவ்வாறாயினும் அதன் தாயகம் பிரேசில். சிறு துண்டு ஒன்றே தழைத்துப் பரவ வல்லது. கேரளத்து வாய்க்கால்களையும் நெல்வயல்களையும் மூடிய அதனை அடக்க, 1983ஆம் ஆண்டில் அதனையே உண்ணும் சிறு வண்டினத்தைக் கொணர்ந்துவிட வேண்டியதாயிற்று. வந்தபின் அழிப்பதினும் வாராது தடுத்தல் எளிது.

அதற்கு வழி யாது? படகைக் கரையேற்றியதும், ஈரம் உலருமுன்னரே அடிப்புறத்தையும் வண்டியின் சட்டங்களையும் உருளைகளையும் நோக்கி, ஒட்டிய களையை எடுத்துக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். அடித்தக்கையைத் திறந்து, தேங்கிய நீரை வடித்தல் வேண்டும். பின்னர் ஏரியினின்று விலகிய இடத்திலே நன்னீரும் மென்மையான சவர்க்காரமும் கொண்டு, மெல்லிய தூரிகையால் பாசியைக் கழுவ வேண்டும். கம்பிநார் கூடாது, கண்ணாடியிழைப் படகின் மேற்பூச்சை அது கீறிவிடும். கழுவிய நீர் ஏரிக்குள் ஓடவும் கூடாது. மற்றொரு நீரில் இறக்குமுன் படகு நன்றாக உலர்தல் வேண்டும்.

உலர்ந்தபின்னரே மெழுகு. நிழலிலே, சிறிது சிறிதாக, மெல்லிய படலமாகப் பூசி, அது மங்கி உலர்ந்ததும் தூய துணியால் துடைத்தால் போதும். வழவழப்பான பரப்பில் பாசி எளிதில் பற்றாது. வெயிலும் மேற்பூச்சை விரைவில் வெளுக்கச் செய்யாது. முன்னோர் மர வள்ளங்களுக்கு மீனெண்ணெயும் முந்திரி ஓட்டு எண்ணெயும், பரிசலுக்குத் தாரும் பூசிக் காத்ததும் இத்தகைய அறிவினாலேயே.

ஆயினும் மெழுகு அழகு தருமேயன்றி வெடிப்பை அடைக்காது. அன்னையர் தரையை மெழுகும்போது கைபடாத மூலையொன்றும் இராது. குழியும் விரிசலும் அப்போதே புலப்படும். அவ்வாறே படகைத் துடைக்கும் கை, அதன் நலிவையும் கண்டறிய வேண்டும். விரிசல் கண்டால், அதனைச் செப்பனிடும்வரை எவரையும் ஏற்றலாகாது.

இளைஞர்களே! நீரில் மறைந்திருக்கும் அடிப்புறத்தைப் பிறர் காணார். காணாத இடத்தையும் தூய்மையாக வைத்திருப்பதே நாம் வாழும் மண்ணுக்கும் பிறந்த மண்ணுக்கும் ஒருங்கே ஆற்றும் தொண்டாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.