விடுமுறையும் குடும்ப உலாவும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பற்றிப் பேசுவதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் இவ்வவையில் பலர் உளர். எனக்குச் செயலாளர் அவர்கள் அளித்த பொருள் வேறு. பள்ளி விடுமுறையில் மிகுந்த செலவின்றிக் குடும்பத்தோடு ஒரு பொழுது வெளியே சென்று வருவது எவ்வாறு என்பதே அது. கேட்பதற்கு எளிய பொருள்தான். ஆயினும் சித்திரை பிறந்ததும் நம் காலனியில் வீட்டுக்கு வீடு எழுகின்ற பேச்சை எண்ணிப் பார்த்தால், அஃது அத்துணை எளியதன்று என்பது விளங்கும்.

“இந்த ஆண்டு ஊருக்குப் போகிறோமா, இல்லையா?” என்பதே அப்பேச்சு. தில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். விரைவு வண்டியில் ஏறினாலும் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்து மறுநாளும் பெரும்பகுதி வண்டியிலேயே கழியும். சென்னையோடு நம் பயணம் முடிவதுமில்லை. தஞ்சைக்கும் நெல்லைக்கும் கோவைக்கும் அதன்மேலும் செல்ல வேண்டும். முன்பதிவோ 2024 நவம்பர் முதல் அறுபது நாட்களுக்கு முன்னர்தான் திறக்கிறது; திறந்த உடனேயே கோடைக்காலத்து இடங்கள் தீர்ந்துபோகின்றன. நால்வர் சென்று வரும் கட்டணம், உற்றார்க்கு வாங்கிச் செல்லும் பொருள்கள், அங்கே காத்திருக்கும் இரண்டொரு திருமணங்களுக்குரிய மொய் ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்கும் குடும்பத் தலைவர், கூட்டிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “அடுத்த ஆண்டு பார்ப்போம்” என்கிறார். ஓராண்டு போவதும் மறு ஆண்டு தங்குவதும் நம்மிற் பலர்க்கு இவ்வாறு வழக்கமாயிற்று.

தங்குகின்ற அந்த ஆண்டைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். அவ்வாண்டின் விடுமுறை நம் குழந்தைகளுக்குத் தண்டனைபோல் ஆகிவிடுகிறது. கதவையும் சன்னலையும் அடைத்து, குளிர்விப்பானின் இரைச்சலில், நாற்பத்தைந்து நாட்கள் கழிகின்றன. சூலையில் பள்ளி திறந்ததும் ஆசிரியை, “விடுமுறையை எவ்வாறு கழித்தாய்?” என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்வார். எங்கும் போகவில்லை என்று எழுத நாணி, போகாத ஊருக்குப் போனதாக எழுதிய குழந்தைகள் நம்மிடையே உண்டு. அப்பொய்யைக் குழந்தைக்குக் கற்பித்தவர் யார் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போனால்தான் விடுமுறை, மற்றது வெறும் காத்திருப்பு என்ற எண்ணம் நம் வீட்டுப் பேச்சிலிருந்தே அவர்களுக்குச் சென்றது.

நாம் இந்நகருக்குப் பிழைக்க வந்தோம். நம் மக்களோ இங்கே பிறந்தார்கள். ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே, பள்ளி, அங்காடி, மலைமந்திர் ஆகிய மூன்று வழிகளை மட்டும் அவர்களுக்குக் காட்டியிருக்கிறோம். பிறந்த நகரைக் காணாமலும், பெற்றோரின் ஊரை இரண்டாண்டுக்கு ஒருமுறை இருபது நாள் மட்டும் கண்டும் வளரும் பிள்ளை, எந்த ஊரைத் தன் ஊர் என்று சொல்லும்? ஆகவே நான் கூறப்போகும் உலாக்களை ஊர்ப் பயணத்துக்கு ஈடாக எண்ண வேண்டா. ஊருக்குப் போகும் ஆண்டிலும் இவை வேண்டியவையே.

செலவைப் பற்றி முதலில் ஒன்று. இலவசமாக நுழையக்கூடிய இடமே மலிவான இடம் என்று எண்ணுவது பிழை. பெரிய வணிக வளாகங்களில் வாயிலில் ஒரு காசும் கேட்பதில்லை. உள்ளே குளிர்ச்சியும் உண்டு. ஆனால் சோளப்பொரி, பனிக்கூழ், விளையாட்டுப் பொறி என்று வெளியே வருமுன் ஆயிரம் ரூபாய் கரைந்துவிடும். குழந்தை கண்டதும் தன்னிடம் இல்லாத பொருள்களையே. மாறாக, உமாயூன் கல்லறைக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. 2018-இல் அதனைப் பெரியவர்க்கு 40 ரூபாயாக உயர்த்தினர். பதினைந்து வயதுக்குட்பட்ட சிறார்க்குக் கட்டணமே இல்லை. கணவன், மனைவி, இரு குழந்தைகள் என்றால் எண்பது ரூபாய். லோடித் தோட்டத்துக்கு அதுவும் இல்லை. பேருந்தில் பெண்டிர்க்குக் கட்டணமில்லை என்னும் ஏற்பாடு 2019 அக்டோபரில் தொடங்கியது. அதற்கு இப்பொழுது சீட்டா, அட்டையா என்பதை முன்னதாகவே கேட்டறிந்துகொள்வது நலம்.

அடுத்தது வெயில். வைகாசி, ஆனித் திங்களில் இந்நகரில் வெப்பம் 45 பாகையைத் தொடுவது உண்டு. ‘லூ’ என்னும் அனற்காற்றின் கொடுமையை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுதல் வேண்டும். ஒரு நாளில் ஓர் இடமே போதும். குதுப் மினார், செங்கோட்டை, இந்தியா வாயில் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டேன் என்று பெருமை பேசும் நண்பர்களை நான் அறிவேன். ‘முடித்துவிட்டேன்’ என்ற சொல்லே அவர்கள் பார்த்தது என்ன என்பதைக் காட்டிவிடுகிறது.

இனி, தாய்மார்கள் சார்பில் ஒரு வார்த்தை. வீட்டில் உள்ளோர் அனைவர்க்கும் விடுமுறை, ஆனால் அதன் பொருட்டு இல்லத்தரசி விடியல் மூன்று மணிக்கு எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் வடகமும் அணியமாக்க வேண்டும் என்றால், அஃது அவருக்கு எவ்வகையில் விடுமுறை? திரும்பி வந்து பாத்திரங்களைத் துலக்குவதும் அவரே. இவ்வாறு நடந்த உலா மறுமுறை நடவாமைக்குக் காரணம் பணக்குறை அன்று, அவ்வம்மையாரின் களைப்பே. பத்து மணிக்குள் திரும்புவதாயின் பெரிய கட்டுச்சோறு தேவையே இல்லை. முதல் நாள் மாலையே வாங்கி வைத்த வாழைப்பழம், வறுத்த கடலை, ரொட்டி, ஒரு பெரிய குப்பி நிறைய எலுமிச்சை நீர் ஆகியன போதும். நான்கு குடும்பங்கள் சேர்ந்து போனால் ஆளுக்கு ஒன்று. தயிர்சாதம் இல்லாமல் முடியாது என்போர், பாலை மிகுதியாக ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து எடுத்துச் செல்க; இந்நகரத்து வெப்பத்தில் அஃது ஒன்பது மணிக்கே பதமாகிவிடும். அதனைக் கலக்கும் பொறுப்பை ஆடவரே ஏற்றுக்கொள்ளலாம். கடினமான கலையன்று.

எங்கே போவது? உமாயூன் கல்லறையை முதலிற் சொன்னேன். 1556-இல் பழைய கோட்டையில் தம் நூலகத்துப் படிக்கட்டில் இடறி வீழ்ந்து இறந்த மன்னருக்கு அவருடைய துணைவியார் பேகா பேகம் எழுப்பியது அது. ஆக்ராவில் தாஜ்மகாலைத் தொடங்கியது 1632-இல். இஃது அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டு முற்பட்டது. கணவன் மனைவிக்குக் கட்டியதை உலகமே அறியும். மனைவி கணவனுக்குக் கட்டியதை நம் குழந்தைகளாவது அறியட்டும். 1857-இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் சா சபர் ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் இங்கேதான். 1947-இல் நாடு பிரிந்தபோது வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் இந்தத் தோட்டத்தில் கூடாரமிட்டுத் தங்கினர். பிற ஊரிலிருந்து வந்து இந்நகரில் இடம் தேடிய நம்மனோர்க்கு அப்புல்வெளி ஏதோ சொல்லும்.

லோடித் தோட்டம் முதியோரையும் கைக்குழந்தையையும் உடன் கொண்டு செல்வதற்கு ஏற்ற இடம். நிழலும் இருக்கையும் நிரம்ப உண்டு. சிக்கந்தர் லோடி முதலிய அரசர்களின் கல்லறைகளை உள்ளே வைத்து 1936-இல் அமைத்த தோட்டம் அது. பள்ளி திறக்கும் வாரத்தில் போகிறவர்களுக்கு வழியில் வேறொரு பேறும் உண்டு. துக்ளக் சாலையிலும் அசோகா சாலையிலும் இரு மருங்கும் நிற்பவை நாவல் மரங்கள். ஆனிக் கடைசியில் நடைபாதை முழுதும் ஊதா நிறமாகிவிடும். ஔவையாரும் முருகனும் நாவல் மரத்தடியில் உரையாடிய கதையைச் சொல்லுவதற்கு நமக்குப் பழமுதிர்சோலை வரை செல்ல வேண்டியதில்லை.

சாணக்கியபுரியில் உள்ள தேசிய இரயில் அருங்காட்சியகத்தைச் சிறுவர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அங்குள்ள சிறு வண்டியில் ஏறியவர்கள் இறங்க மறுப்பார்கள். குதுப் மினாரில் ஏறலாமா என்று குழந்தைகள் கேட்பார்கள். 1981-இல் நேர்ந்த பெரு விபத்துக்குப்பின் படிவழியை மூடிவிட்டார்கள். அதன் அருகே துருப்பிடியாமல் ஆயிரத்து அறுநூறு ஆண்டளவாக நிற்கும் இரும்புத் தூணைக் காட்டுக. வெயில் ஏறிய பின்னும் வெளியே இருக்க நேர்ந்தால் தேசிய அருங்காட்சியகத்தை நாடலாம். மொகஞ்சதாரோவின் ஆடும் பெண் சிலை அதற்கு உரியது. பாடநூலில் படத்தைக் கண்டு ஆளுயரச் சிலை என்று எண்ணியிருக்கும் பிள்ளைக்கு, அது பத்தரைச் செண்டிமீட்டர் உயரமே என்பது பெருவியப்பாக இருக்கும். அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவிற் கொள்க.

எனக்கு மிகவும் உவப்பான இடம் நாடாளுமன்றத் தெருவை ஒட்டிய ஜந்தர் மந்தர். அதற்குக் கட்டணம் உமாயூன் கல்லறையினும் குறைவு. 1724-இல் மன்னர் இரண்டாம் ஜெய்சிங் அமைத்த வானாய்வுக் கூடம் அது. நடுவே நிற்கும் சாம்ராட் யந்திரம் என்பது, கல்லாலும் சுண்ணத்தாலும் எழுப்பிய மாபெரும் நிழற்கடிகாரம். சுற்றிலும் எழுந்த உயர்மாடங்கள் இன்று அதன் ஆய்வுக்குத் தடையாயின. ஆயினும் கல்லையும் நிழலையும் கொண்டே நம் முன்னோர் பொழுதை அளந்தனர் என்பதைக் குழந்தை கண்ணால் காண்பதற்கு அதனினும் சிறந்த இடம் இந்நகரில் இல்லை.

கண்டு வந்ததை வீட்டு மாடியிலேயே செய்து பார்க்கலாம். அதற்குக் காசு வேண்டா. சூன் திங்கள் நடுவில் ஒரு மீட்டர் நீளமுள்ள கோலை நேராக நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். கடிகாரம் 12 மணி காட்டும்போது அது நிகழாது. 12 மணி 21 நிமிட அளவில்தான் நிகழும். நம் கடிகாரங்கள் அலகாபாத்தை அடுத்துச் செல்லும் ஒரு தீர்க்கரேகையைப் பின்பற்றுகின்றன. தில்லி அதற்கு மேற்கே உள்ளது. அவ்வேளையில் நிழலின் நீளம் ஒன்பது செண்டிமீட்டர் அளவே இருக்கும். அது வடக்கு நோக்கி விழும்.

அதே நாளில் தஞ்சையில் உள்ள தாத்தாவைத் தொலைபேசியில் அழைத்து, அவரையும் முற்றத்தில் ஒரு கோல் நடச் சொல்லுங்கள். அங்கே உச்சிப்பொழுது ஏழு நிமிடம் முன்னதாக, 12 மணி 14 நிமிட அளவில் வரும். நிழல் இருபத்திரண்டு செண்டிமீட்டர் இருக்கும். வியப்பு என்னவெனில், அந்நிழல் தெற்கு நோக்கி விழும்! அக்காலத்தில் கதிரவன் தஞ்சைக்கு வடக்கேயும் தில்லிக்குத் தெற்கேயும் நிற்கிறான். நம் இரு வீடுகளுக்கும் இடையே, நடுவானில். மேல்வகுப்பு மாணவர்கள் இரு நிழல்களின் கோணங்களையும் கணக்கிட்டுக் கூட்டினால் பதினெட்டுப் பாகைக்குச் சற்றுக் குறைவாக வரும். பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால், தஞ்சைக்கு வடக்கே தில்லி எவ்வளவு தொலைவு என்பது கிடைத்துவிடும். ஊருக்குப் போக முடியாத ஆண்டில், ஊர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைத் தாத்தாவும் பேரனும் ஆளுக்கொரு கோலால் அளந்த கட்டுரையை எந்த ஆசிரியைதான் விரும்பமாட்டார்?

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம் காலனியில் கணவர் வெளியூர்ப் பணியில் இருக்க, குழந்தைகளோடு தனித்திருக்கும் தாய்மார்கள் உளர். இந்தி மொழி வாராமையால் வெளியே செல்லத் தயங்கும் புதியவர்களும் உளர். இவர்களைத் தனித்தனியே போகச் சொல்வது பயனில்லாத அறிவுரை. சூன் திங்கள் முதல் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, காலனி வாயிலிலிருந்து எல்லாரும் ஒன்றாகப் புறப்படலாம் என்பது என் கருத்து. முதல் உலா லோடித் தோட்டத்துக்கு. வாடகை ஊர்தி வேண்டா, பேருந்தே போதும். தனியே வர இயலாத குழந்தைகளை அண்டை வீட்டார் ஏற்றுக்கொள்ளலாம். செயலாளர் அவர்களின் இசைவுடன் ஒரு பெயர்ப் பட்டியலை வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறேன். வருவோர் எண்ணிக்கையையும், அவருள் நடக்க இயலாத முதியோர் எவர் என்பதையும், எலுமிச்சை நீர் கொண்டுவர இசைபவர் பெயரையும் அதில் குறித்துவிட்டுச் செல்லுமாறு கேட்டு அமைகிறேன்.