வேம்பு கருகினால் வெட்டுவதா?

சென்ற மழைக்காலம் முடியும்போது எங்கள் பள்ளி வளாகத்து வேப்பமரம் நுனியெல்லாம் கருகி நின்றது. “பட்டுப்போச்சு, வெட்டிடலாம்” என்றார்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போய், தாழ்ந்த கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டச் சொன்னேன். நுனியில் பழுப்பு; ஒரு சாண் தள்ளிப் பச்சை. “சார், உயிர் இருக்கு!” என்று கத்தினாள் ஒருத்தி.

இது நுனிக்கருகல் நோய். ஃபோமாப்சிஸ் என்னும் பூஞ்சையால் வருகிறது. மழை ஈரத்தில் பரவும். தேயிலைக் கொசு என்னும் பூச்சி சாறு உறிஞ்சினாலும் தளிர் இப்படியே கருகும். வளர்ந்த மரம் பெரும்பாலும் கோடையில் மீண்டும் துளிர்த்துவிடும். எட்டிய கிளைகளில் காய்ந்ததை, பச்சைப் பகுதியும் சற்றுச் சேர வெட்டி அப்புறப்படுத்தினோம். அவ்வளவு உயரத்துக்கு மருந்தடிப்பது நம்மால் ஆகாது. பிள்ளைகள் நடமாடும் இடம் வேறு.

நான் பயப்படுவது அடிமரத்துக்குத்தான். தூரில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால், வேரோ அடிமரமோ உள்ளே அழுகுகிறது. மேலே இலை பசுமையாகவே இருக்கும், காற்றடித்தால் சாயும். அந்த நிழலில் வகுப்பு வேண்டாம். அன்றே தலைமையாசிரியரிடம் சொல்லி, வனத்துறையினரை வரவழைத்துக் காட்டுங்கள்.

எங்கள் வேம்பு பங்குனியில் துளிர்த்தது. சுரண்டிய தழும்பைப் பிள்ளைகள் இன்னும் தடவிப் பார்க்கிறார்கள்.