பாடத்தின் முதல் சொல்
(இரவுப் பள்ளித் தொண்டர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இரவுப் பள்ளிக்குப் பாடம் எழுத உட்கார்ந்தபோது, துண்டுப் பிரசுரம் எழுதுவதைவிட இது சுலபம் என்றே நினைத்தோம். அணிலையும் ஆட்டையும் முதல் பாடமாக வைத்தோம். பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு வந்த ஒரு தாய் கேட்டார்: "ஆட்டைத்தான் தினம் பாக்கிறேனே, தம்பி! நான் கைநாட்டு வைக்கிற காகிதத்திலே என்ன எழுதியிருக்கு? அதைச் சொல்லிக் கொடு." நம்மிடம் பதில் இல்லை.

கியூபாவின் அனுபவம் நமக்குக் கைகொடுத்தது. 1961-இல் அந்தச் சிறு நாடு ஒரே ஆண்டில் எழுத்தறிவின்மையை ஒழிக்கக் கிளம்பியது. 'வெல்வோம்' என்று பெயரிட்டு 15 பாடங்கள் கொண்ட நூலை எழுதினார்கள். முதல் பாடத்தில் மூன்றே எழுத்துக்கள்: ஓ, ஏ, ஆ. மூன்றும் உயிரெழுத்துக்கள், கற்பதற்கு எளிது. சேர்த்துப் படித்தால் அமெரிக்க நாடுகள் அமைப்பின் ஸ்பானியச் சுருக்கப் பெயர்! 1962-இல் கியூபாவை விலக்கிவைத்த அதே அமைப்புதான். இரண்டாம் பாடத்தில் நிலச் சீர்திருத்தத்தை நடத்திய நிறுவனத்தின் பெயர் வந்தது. எழுத்தும் எளிதாக இருக்க வேண்டும். உழைப்பாளியின் வாழ்க்கையும் அதில் இருக்க வேண்டும். பாடம் எழுதுவதிலுள்ள கஷ்டமெல்லாம் இதுதான்.

சுமார் ஒரு லட்சம் இளைஞர்கள் நூலும் லாந்தர் விளக்குமாகக் கிராமங்களுக்குச் சென்றார்கள். எதிர்ப்புரட்சிக் கும்பல் சும்மா இருக்கவில்லை. நவம்பரில் மானுவல் அஸ்குன்சே என்ற 16 வயது ஆசிரியரையும், அவரிடம் படித்த விவசாயி பெட்ரோ லான்டிகுவாவையும் கொன்றது. அரிச்சுவடியைக் கண்டு அஞ்சுகிறவர்கள் யார் என்று பாருங்கள்!

டிசம்பர் 22-இல் வெற்றி அறிவிக்கப்பட்டது. 7 லட்சம் பேருக்கு மேல் எழுதப் படிக்கக் கற்றிருந்தனர். கடைசித் தேர்வு, பிடல் காஸ்ட்ரோவுக்கு ஒரு கடிதம் எழுதுவது!

நாமும் அணிலையும் ஆட்டையும் எடுத்துவிட்டோம். 'கூலி' என்று தொடங்க ஆசைதான். ஆனால் கூ, லி இரண்டும் முதல் நாளே கையைத் திணறடிக்கும். 'படி' என்ற சொல் கிடைத்தது. 'ப'வும் 'ட'வும் நேர்கோடுகள். ஒரு சுழி சேர்த்தால் போதும். கூலி நெல் அளந்த படியும் அதுவே. புத்தகத்தைப் படி என்பதும் அதுவே. அந்தத் தாய் எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் படியிலேதானே எங்களை ஏமாத்தினாங்க!" சில மாதங்களில், கைநாட்டு வைத்த அந்தக் கை கையெழுத்திட்டது. பாடம் எழுதியவனுக்கு இதைவிட என்ன கூலி வேண்டும்?

ஆலைத் தோழர்களே! உங்கள் சம்பளச் சீட்டைக் கொண்டுவாருங்கள். அதில் புரியாத சொற்கள்தான் நமது அடுத்த பாடம். சேர்ந்து எழுதுவோம்!