“எல்லாம் கடவுளின் சித்தம்” என்று சொல்வதற்கு முன்

(வானொலி மறையுரை)



யாக்கோபின் மனைவி ராகேல் வழியிலேயே இறந்தாள். தொடக்க நூல் 35-ஆம் அதிகாரம் அதை ஐந்தே வசனங்களில் சொல்லி முடித்துவிடுகிறது. பெத்தேலிலிருந்து குடும்பம் புறப்படுகிறது. எப்ராத்து போய்ச் சேர இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது. அந்த நேரத்தில் ராகேலுக்கு வலி காண்கிறது, அதுவும் கடுமையான பேறுகால வேதனை. உடன் இருந்த மருத்துவச்சி, பயப்படாதே, இதுவும் ஆண் பிள்ளைதான் என்று தைரியம் சொல்கிறாள். பிள்ளை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. உயிர் பிரியும் வேளையில் அவள் பிள்ளைக்குத் துயரத்தின் மகன் என்று பொருள்படும் பெயரை வைக்கிறாள். தகப்பனோ அதை மாற்றிப் பென்யமின் என்று அழைக்கிறார். பிறகு அவள் கல்லறையின்மேல் ஒரு தூணை நட்டுவிட்டுப் பயணத்தைத் தொடர்கிறார்.

இந்தப் பகுதியில் நாம் ஒன்றைக் கவனிப்பது நல்லது. ராகேலின் சாவு ஆண்டவரின் சித்தம் என்று அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. திருவிவிலியம் நடந்ததைச் சொல்கிறது, அழுகிறது, கல்லறை இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. அதற்கு மேல் கடவுளின்மேல் எதையும் ஏற்றிச் சொல்லவில்லை.

நாம்தான் ஏற்றிச் சொல்கிறோம். பிள்ளைப்பேற்றில் ஒரு தாய் இறந்துபோன வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனால், முதலில் நம் வாயிலிருந்து வருவது அந்த வார்த்தைதான். “அவ்வளவுதான் அவளுக்கு விதிச்சது. எல்லாம் கடவுளின் சித்தம்.” ஆறுதலுக்காகத்தான் சொல்கிறோம் என்பது உண்மை. ஆனாலும் காலையிலிருந்து வலியில் துடித்தவளை மாலைவரை வீட்டிலேயே வைத்திருந்தோமே, அந்தத் தாமதத்துக்கும் கடவுளா பொறுப்பு? மாமியார் வரட்டும், நல்ல நேரம் பிறக்கட்டும், வண்டிக்குப் பணம் புரளட்டும் என்று நாம் காத்திருந்த அந்த மணி நேரங்களைக் கடவுளின் கணக்கில் எழுதலாமா?

நம் திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகப் பேருந்து ஏறினால் திண்டிவனம் வரும். 1890-களின் தொடக்கத்தில் அங்கே ஓர் இரவில் நடந்ததை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பத்தில் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். நோயுற்ற தாய்க்கு உதவியாக வந்து திண்டிவனத்தில் தங்கியிருந்தார். மருத்துவம் படிக்கும் எண்ணம் அவருக்கு அப்போது துளியும் இல்லை. அன்றிரவு ஒருவர் பின் ஒருவராக மூன்று கணவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர். இதோ அவர் வருவார் என்று ஐடா சொன்னபோது மூவருமே மறுத்துவிட்டார்கள். ஆண் மருத்துவர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். தமக்கு ஒன்றும் தெரியாதே என்று ஐடா கலங்கினார். மறுநாள் அந்த மூன்று பெண்களுமே இறந்துவிட்ட செய்தி வந்தது.

ஐடா அமெரிக்கா திரும்பி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, 1900-இல் வேலூர் வந்து சேர்ந்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நம்மில் எத்தனையோ குடும்பங்கள் நம்பிப் போகும் வேலூர் சி.எம்.சி. அப்படி வளர்ந்ததுதான். அவர் கத்தோலிக்கர் அல்லர். அந்த மூன்று சாவுகளையும் கடவுளின் சித்தம் என்று ஏற்றுக்கொண்டு அவர் தூங்கப் போகவில்லை. அந்த இரவில் தாம் கேட்ட கடவுளின் குரல் வேறு என்றே வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார்.

மற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது நம் திருஅவையின் கதையையும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. திருமண வாழ்வைத் துறந்து வார்த்தைப்பாடு கொடுத்த அருள்சகோதரிகள் பிள்ளைப்பேறு பார்க்கக் கூடாது என்ற சட்டம் நம்மிடம் நெடுங்காலம் இருந்தது. நோயாளிக்குப் பணிவிடை செய்யலாம், புண்ணைக் கழுவிக் கட்டலாம், ஆனால் பிரசவ அறைக்குள் போகக் கூடாது. ஆக்னஸ் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் அறுபது வயதை ஒட்டிக் கத்தோலிக்கர் ஆனவர். எழுபதைத் தாண்டிய வயதில் ராவல்பிண்டிக்கு வந்து பெண்களுக்கான மருத்துவமனை தோன்றக் காரணமானார். திரைக்குள் வாழும் பெண்கள் ஆண் மருத்துவரிடம் போக மாட்டார்கள், அருள்சகோதரிகளுக்கோ அனுமதி இல்லை, பிறகு இந்தப் பெண்களை யார்தான் காப்பாற்றுவது என்று கேட்டுக்கொண்டு பலமுறை உரோமைக்குப் பயணம் செய்தார். அவர் உயிரோடு இருந்தவரை அந்தச் சட்டம் மாறவில்லை.

அவரைப் பற்றிய சிறு நூலைப் படித்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி 1920-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு வந்தார். திருத்தந்தையின் தனி அனுமதியோடு அருள்சகோதரியாகவும் மருத்துவராகவும் பணி செய்தார். 1943-இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. ராவல்பிண்டியில் பணியாற்றிய ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல் 1925-இல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையைத் தோற்றுவித்தார். கடைசியில் 1936 பிப்ரவரி 11 அன்று, அதாவது லூர்து அன்னையின் திருநாளில், உரோமை அந்தத் தடையை நீக்கியது. சேத்துப்பட்டு லூர்து அன்னை ஆலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது இந்தத் தேதியையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம். திருஅவையே கற்றுக்கொண்டு மாறியிருக்கிறது. நம் குடும்பங்கள் மாறக் கூடாதா என்ன?

இனி, பிரசவ அறையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் எளிமையாகப் பார்ப்போம். ஞாயிறு மறையுரையில் இதெல்லாம் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். கருவுற்ற எலிசபெத்தின் வீட்டில் மரியா ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்று லூக்கா எழுதியிருப்பதைப் படிக்கிறோமே. அந்த மூன்று மாதமும் அவர் செபம் மட்டுமா செய்துகொண்டிருந்திருப்பார்?

நிறைமாதத்தில் தாயின் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் ஓடுகிறது. பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பை கல்லைப்போல இறுகி, திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களை நெரித்து மூடிவிட வேண்டும். படைத்தவர் அமைத்த ஏற்பாடு அது. சில வேளை கருப்பை இறுகாமல் தளர்ந்துவிடும். அப்போது குழாயைத் திறந்துவிட்டதுபோல இரத்தம் போகும். ஒரு பெண்ணின் உடம்பில் மொத்தமே ஐந்து லிட்டர் அளவுக்குத்தான் இரத்தம் இருக்கிறது. ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவளென்றால் தாங்கும் சக்தி இன்னும் குறைவு. ஓரிரு மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். அந்த நேரத்தில் வயிற்றின்மேல் கைவைத்துக் கருப்பையைப் பிசைந்துவிடத் தெரிந்த ஒரு செவிலியர், குளிர்பெட்டியில் வைத்த ஆக்ஸிடோசின் ஊசி, ஏற்ற இரத்தம் ஆகியவைதான் அவளைக் காப்பாற்றும்.

2023-இல் ஓர் ஆய்வு முடிவு வெளிவந்தது. ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்தது. பிரசவித்த தாயின் அடியில் அளவுக் கோடு போட்ட பை ஒன்றை விரித்து, இரத்தம் எவ்வளவு போகிறது என்று கண்ணால் அளந்தார்கள். அளவு மீறியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் உடனே சேர்த்துக் கொடுத்தார்கள். கடும் இரத்தப்போக்கும் அதனால் வரும் அறுவையும் மரணமும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. விழித்திருந்து பார்த்தார்கள், உடனே செயல்பட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று வலிப்பு. கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் கூடி, தலை வெடிப்பதுபோல வலிக்கும், கண் மங்கும், முகமும் கையும் வீங்கும், பிறகு வலிப்பு வரும். காற்று கருப்பு பட்டுவிட்டது என்று மந்திரிக்கக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அதே பெண்ணை செபக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் எண்ணெய் பூசி, பேயை விரட்டுகிறோம் என்று மணிக்கணக்கில் தரையில் கிடத்தி வைப்பதில் மட்டும் என்ன வேறுபாடு? மக்னீசியம் சல்பேட் என்ற விலை குறைந்த ஊசிமருந்து அந்த வலிப்பைத் தடுக்கும். மருந்துகளை நிலத்திலிருந்து தோன்றச் செய்தவர் ஆண்டவர் என்றும், மருத்துவரை மதிக்க வேண்டும் என்றும் சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம் நமக்குச் சொல்லித்தருகிறது.

அப்படியென்றால் செபம் வேண்டாமா? வேண்டும். பங்குத்தந்தையைக் கூப்பிட வேண்டாமா? தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆபத்தான பேறுகாலத்துக்கும் பெரிய அறுவைக்கும் முன் நோயில்பூசுதல் அருளடையாளம் பெறலாம். அது சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்ற பழைய பயத்தை விட்டுவிடுவோம். ஒரே ஒரு வேண்டுகோள்: முதலில் 108, அடுத்தது பங்குத்தந்தை. சாமியார் மருத்துவமனை வாசலுக்கே வந்துவிடுவார். பைக் இருக்கிறது.

புனித ஜான்னா பெரெத்தா மோல்லாவின் பெயரைச் சொல்லாமல் இந்த மறையுரை முடியாது. ஆனால் அவரைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பிள்ளைக்காக மருத்துவத்தையே மறுத்து உயிர்விட்டவர் என்று சிலர் பேசுகிறார்கள். அது உண்மையல்ல. அவரே ஒரு மருத்துவர். 1961 செப்டம்பரில், நான்காம் குழந்தையை வயிற்றில் சுமந்திருந்தபோது கருப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. குழந்தைக்குச் சேதம் வராதபடி கட்டியை மட்டும் எடுக்கக் கேட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1962-இல் புனித வெள்ளியன்று மருத்துவமனையில் சேர்ந்தார். மறுநாள் அறுவை மூலம் பெண் குழந்தை பிறந்தது. பிறகு வயிற்றுக்குள் கிருமித்தொற்று பரவி ஏப்ரல் 28 அன்று காலமானார். அவர் கடைசிவரை மருத்துவத்தைத் தேடியவர். அந்தக் குழந்தையும் வளர்ந்து மருத்துவரானார்.

அவரைப் புனிதராக அறிவிக்க ஏற்கப்பட்ட அருங்குறியும் ஒரு பேறுகாலத்தில் நடந்ததுதான். பிரேசில் நாட்டுத் தாய் ஒருவருக்கு 2000-ஆம் ஆண்டில், நான்காம் மாத அளவிலேயே பனிக்குடம் உடைந்து நீர் முழுவதும் வடிந்துவிட்டது. பிள்ளை பிழைக்காது, தாய்க்கும் ஆபத்து என்றார்கள் மருத்துவர்கள். குடும்பமும் ஆயரும் ஜான்னாவின் பரிந்துரையை வேண்டினார்கள். அந்தத் தாய் மருத்துவமனையை விட்டு ஓடவில்லை. மருத்துவர்களின் கண்காணிப்பிலேயே இருந்தார். மே 31 அன்று, மரியா எலிசபெத்தைச் சந்தித்த திருநாளில், அறுவை மூலம் நலமான பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தார். 2004 மே 16 அன்று ஜான்னா புனிதராக அறிவிக்கப்பட்டார். செபமாலை ஒரு கையில், அறுவைக்கு ஒப்புதல் தரும் பேனா இன்னொரு கையில். அருங்குறி நடந்தது அப்படி இருந்த ஒரு வீட்டில்தான்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2004–06 கணக்குப்படி இங்கே ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 111 தாய்மார் இறந்தார்கள். 2018–20-இல் அது 54 ஆனது. அப்போது நாடு முழுவதற்குமான எண் 97. இது எப்படி நடந்தது? இரவும் பகலும் இயங்கும் அவசரப் பேறுகால மையங்கள், 2008-இல் வந்த 108 வண்டி, கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் எல்லாம் சேர்ந்துதான். இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் தணிக்கை செய்யும் வழக்கம் இங்கே 1990-களிலேயே தொடங்கிவிட்டது. எப்போது வலி கண்டது, எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், வண்டி எங்கே நின்றது, இரத்தம் எப்போது கிடைத்தது என்று குடும்பத்தையும் கேட்பார்கள், மருத்துவமனையையும் கேட்பார்கள். இறந்தவள் ஏன் இறந்தாள் என்று அரசாங்க ஊழியர் கேட்கிறார். நாமோ கடவுளின் சித்தம் என்று சொல்லிக் கேள்வியை மூடிவிடுகிறோம். இவர்களில் அந்தப் பெண்ணின் உயிரை அதிகம் மதிப்பவர் யார்?

54 என்பதும் சின்ன எண்ணிக்கை அல்ல. நம் மாவட்டத்திலேயே ஜவ்வாது மலையின் உள்ளூர்களிலிருந்து கர்ப்பிணியைத் தோளில் தூக்கிச் சாலைக்குக் கொண்டுவரும் அவலம் தெரியாதவர் இல்லை. அந்த ஊர்களில் பணி செய்வோருக்கு ஒரு வார்த்தை. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அந்தப் பெண்ணை மலையிலிருந்து இறக்கி, மருத்துவமனை உள்ள ஊரில் உறவினர் வீட்டிலோ நம் விடுதிகளிலோ தங்கவையுங்கள். பௌர்ணமியையும் தீபத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் நகருக்குள் வண்டி நகராது.

பிழைத்து வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நேர்ச்சை செலுத்த வேளாங்கண்ணிக்குத் தொட்டில் கொண்டுபோகிறீர்கள், நன்றித் திருப்பலி கேட்கிறீர்கள். நல்லது. அன்றிரவு உங்கள் வயிற்றைப் பிசைந்து இரத்தத்தை நிறுத்திய செவிலியரின் பெயர் நினைவிருக்கிறதா? அவர் எந்த மதத்தவராக இருந்தால் என்ன? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். எகிப்தில் பிள்ளைகளைக் காப்பாற்றிய மருத்துவச்சிகளான சிப்ரா, பூவா இருவரின் பெயரையும் விடுதலைப் பயண நூல் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பகுதியில் மன்னன் பார்வோனின் பெயரைத்தான் காணோம்.

அத்துடன் இரத்தம். அதை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியாது. எடுத்துவைத்தாலும் ஐந்தாறு வாரத்துக்கு மேல் தாங்காது. மனைவிக்கு இரத்தம் வேண்டும் என்றால் கையெழுத்துப் போடாமல் வெளியே நழுவும் கணவர்களை மருத்துவமனை வராந்தாவில் பார்க்கிறோம். கொடுத்தால் பலவீனம் வந்துவிடும் என்று தாயே மகனைத் தடுக்கிறாள். உடல்நலமுள்ள ஆண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தயக்கமின்றிக் கொடுக்கலாம். பங்கு இளையோர் இந்த மாதம் வீடு வீடாகப் போய் இரத்த வகையையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்கட்டும். அந்தப் பட்டியல் நற்கருணைப் பேழைச் சாவியைப்போலப் பத்திரமாக, நள்ளிரவிலும் கைக்கு எட்டும்படி ஆலய அலுவலகத்தில் இருக்கட்டும்.

மன்றாடுவோம். ஆண்டவரே, இன்றிரவு ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் இறங்கிவரும் வண்டியையும் அதை ஓட்டுபவரையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். பிரசவ அறையில் கண் விழித்திருக்கும் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் களைப்பில்லாத கைகளைத் தாரும். வலியோடு இருப்பவளின் வீட்டாருக்கு உடனே கிளம்பும் துணிவைத் தாரும். வழியில் இறந்த ராகேலையும், திண்டிவனத்தின் அந்த மூன்று பெண்களையும், நம் குடும்பங்களில் நாம் இழந்த தாய்மாரையும் உம் இல்லத்தில் சேர்த்துக்கொள்ளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.