சேல்கெண்டைக்கும் குளத்தில் இடம் கொடுங்கள்

பண்ணைக் குட்டையில் என்ன மீன் விடலாம் என்று கேட்டால் கட்லா, ரோகு, மிர்கால் என்று மூன்று பெயரை எல்லோரும் ஒப்பிப்போம். மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். நல்ல மீன்கள்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம் காவிரியிலும் பவானியிலும் காலங்காலமாக இருக்கிற சேல்கெண்டையை யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பார்வைக்கு ரோகு மாதிரியே இருக்கும். வாயைத் திறந்து பாருங்கள், உதட்டோரம் நைந்த துணிக்கரை போலப் பிசிறு பிசிறாக இருக்கும். முதுகுத் துடுப்பு நீளம். செதில்களின் நடுவில் இலேசாகச் செம்மை தட்டும். பாசியும் மட்கிய இலைதழையும்தான் இதன் தீனி. கோதாவரி, கிருஷ்ணா, நர்மதை ஆறுகளிலும் உண்டு.

இது முன்போல வலையில் விழுவதில்லை என்று ஆற்றோரத்து மீனவர்கள் சொல்கிறார்கள். ஏன்? மழைக்காலத்தில் புதுவெள்ளம் வந்ததும் சினைமீன் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். கரையோரம் வெள்ளம் பரவிய ஆழமில்லாத இடத்தில்தான் முட்டையிடும். முட்டை எதிலும் ஒட்டாது, தண்ணீரோடு உருண்டு போகும், ஒரு நாளைக்குள் பொரித்துவிடும். வழியில் அணை நின்றால் மீன் என்ன செய்யும்? முக்கொம்பு மேலணை 1836-இல் தொடங்கிக் கட்டியது, மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. பாசனத்துக்கு அணை வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் அணை அடிவாரத்தில் முட்டி மோதிக்கொண்டு கூட்டமாக நிற்கிற சினைமீனை வீச்சு வலை போட்டும், மதகில் பறி வைத்தும் அள்ளுகிறோமே, அது நம் கையில் இருக்கிற விஷயம். ஒரு தாய்மீன் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். குழம்புக்குப் போவது ஒரு மீன் இல்லீங்க, அடுத்த வருஷத்து மீன். கொசுவலையைக் கட்டிக் குஞ்சையும் வழித்தெடுப்பவர்களை என்னவென்று சொல்வது! வெடி போடுவதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே குற்றம்.

சரி, குட்டைக்கு வருவோம். தேங்கின குளத்தில் இது தானாக முட்டையிடாது. அதனால் குஞ்சு கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். 1957 ஜூலை 10-ந் தேதி ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரியும் அலிக்குன்ஹியும் கெண்டை மீனுக்குப் பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். அதே முறையில் சேல்கெண்டைக் குஞ்சும் எடுக்கலாம்.

வளர்ச்சி ரோகு அளவுக்கு வராது. ஒரு வருஷத்தில் ரோகு முக்கால் கிலோவோ ஒரு கிலோவோ வந்தால், இது அதில் பாதியைத் தொட்டாலே பெரிது. ஆகையால் குளம் முழுக்க இதையே விடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஏக்கருக்கு 2,000 குஞ்சு விடுபவர், ரோகு பங்கிலிருந்து ஒரு 200-ஐக் குறைத்து அந்த இடத்தில் சேல்கெண்டை விட்டுப் பார்க்கலாம். அரைக் கிலோவுக்குள் இருக்கிற மீனை நறுக்காமல் முழுசாக வாங்கிப் போகிற வீடுகள் நம் ஊர்ச் சந்தையில் நிறைய உண்டு. நஷ்டம் வராது என்பது என் எண்ணம்.

முதலில் களைமீனையும் விரால், கெளுத்தியையும் ஒழிக்க வேண்டும். ஒரு மீட்டர் தண்ணீர் நிற்கிற ஏக்கர் குளத்துக்கு இலுப்பைப் பிண்ணாக்கு 1,000 கிலோ. அதன் நஞ்சு முறிய மூன்று வாரம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் விட்ட குஞ்சும் மிதக்கும்.

குஞ்சு விரல் நீளமாவது இருக்கட்டும். சின்னதில் ரோகுக்கும் சேல்கெண்டைக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் அரசு மீன்பண்ணையில் சீசனுக்கு முன்பே சொல்லிவைத்து, இனத்தைக் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். பையை அவிழ்க்காமல் கால் மணி நேரம் குளத்தில் மிதக்கவிட்டு, பிறகு குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, காலை வெயில் ஏறுமுன் திறந்துவிடுங்கள்.