பாதி அரசு தரும், மீதி?

 

நாம் கூடியிருக்கும் இந்த ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்டு, 1986ல் திறக்கப்பட்டது. நாமோ கீழே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அயல்நாட்டு நிறுவனங்கள் தரும் வடிவத்துக்குக் காலணி தைக்கிறோம். கைத்திறன் நம்முடையது, பெயர் யாருடையது?

2018ல் மத்திய பாதுகாப்பு அமைச்சகம் ‘ஐடெக்ஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. முப்படைகள் தம் தேவையைச் சொல்லும். சிறு நிறுவனமோ தனி ஆளோ தீர்வைச் செய்து காட்டலாம். மாதிரி செய்ய 1.5 கோடி ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தார்கள். 2022ல் வந்த ‘ஐடெக்ஸ் பிரைம்’ பிரிவில் 10 கோடி வரை. படைக்கு வேண்டியது பீரங்கி மட்டுமா? பனிமலையில் கால் காக்கும் காலணியும்தான்!

ஆனால் இதை இனாம் என்று எண்ணிவிடாதீர்கள். அரசு போடும் அளவுக்கு நீங்களும் போட வேண்டும். வேலை நகர நகரத்தான் தவணை வரும். மாதிரி தேறினாலும் கொள்முதல் தனிப் படி. ஆகவே கடன் வாங்கி இறங்காதீர்கள். கணக்கைச் சுத்தமாக வையுங்கள். ‘வாங்கித் தருகிறேன்’ என்று வரும் தரகரை வாசலோடு அனுப்புங்கள்.

பொறியியல் படித்த இளைஞரே, முதல் வைத்திருக்கும் வணிகரே! தனித்தனியே நின்றால் இருவருக்கும் இது எட்டாக்கனி. கோவைத் தொழில்முனைவோர் கொடிசியா மூலம் இதற்கென்றே மையம் அமைத்தார்கள். நாம் ஒரு மேசையில் உட்காரவாவது வேண்டாமா?